ஹெப்பகோடியில் தண்ணீர் குடித்த படகு

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஹரிஷ் ஈரோட்டுக்காரன். போன வாரம் காபி மெஷின் பக்கத்தில் என்னை மடக்கிப் போனை நீட்டினான். திரையில் ஒரு பழைய மரப் படகு. கேபின் வைத்தது. பெயின்ட் உரிந்து, ஜன்னலில் கண்ணாடி இல்லாமல், ஏதோ ஓர் ஆற்றங்கரைச் சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"அக்கா, நாங்க நாலு பேர் சேர்ந்து இதை வாங்கலாம்னு இருக்கோம். வீக்கெண்ட்ல நாங்களே ரெஸ்டோர் பண்ணிடுவோம். நீங்க அந்த ஃபீல்டுல ரிட்டயர்டுன்னு சொன்னாங்க."

எனக்கு முப்பத்துநாலு வயது. ஆனால் ரிட்டயர்டு என்று அவன் சொன்னது தப்பில்லை. காபிக் கோப்பையை நான் இடது கையில்தான் பிடித்திருந்தேன். வலது மணிக்கட்டு உளியும் கொட்டாப்புளியும் பிடித்தே தேய்ந்துபோனது. கீபோர்டுக்கு மட்டும் உதவுகிறது, அதுவும் சாயங்காலம் வரைக்கும்தான்.

"எங்க வெச்சு வேலை பார்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"சர்ஜாபுரா ரோட்ல ஃப்ரெண்டோட அப்பாவுக்கு ஒரு சைட் காலியா இருக்குக்கா."

"தண்ணி?"

"என்ன தண்ணி?"

"அங்க தண்ணி வசதி இருக்கான்னு கேக்கறேன்."

சிரித்துவிட்டான். "போட்டைத்தானே தண்ணில விடணும்? தண்ணிய எதுக்குக்கா போட்டுக்கு விடணும்?"

அதற்குக் காபி ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

திருப்பத்தூரில் படித்து, பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக வேலைக்கு வந்தவள் நான். எதிலும் ஓராண்டுக்கு மேல் மனம் நிற்காது. கிட்டார் வாங்கினேன், மலையேறினேன், ஜெர்மன் வகுப்புக்குப் போனேன், எல்லாம் பாதியில் நின்றன. ஒரு காலை கம்பெனி கேபில் போகும்போது மேம்பாலத்துக்குக் கீழே ஒரு லாரி போனது. அதன் மேல் ஒரு முழுப் படகு. கடலும் ஆறும் இல்லாத ஊரில், டிராஃபிக்கில், ஆட்டோக்களுக்கு நடுவே அது அசைந்து அசைந்து போனது. கேபை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஓர் ஆட்டோ பிடித்து அந்த லாரியின் பின்னாலேயே போனேன். அது ஹெப்பகோடியில், ஃபேக்டரிப் பெண்கள் தங்கும் ஒரு பிஜி ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் நுழைந்தது. சனி ஞாயிறுகளில் அங்கே போக ஆரம்பித்தேன். பிறகு வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேரமாகப் போனேன்.

கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெயின்ட் சுரண்டினேன், உப்புத்தாள் தேய்த்தேன், மறுபடி பெயின்ட் சுரண்டினேன். மூக்கைச் சிந்தினால் பெயின்ட் தூள் சிவப்பாக வந்தது. அம்மா போனில், "இன்ஜினியரிங் படிக்க வெச்சது பெயின்ட் சுரண்டவா?" என்றாள். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொட்டகையின் சொந்தக்காரி கௌதமிக்கா. ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். விமான உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து, மேலாளரோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர். ஆறு இல்லாத ஊரில் ஏன் படகுத் தொழில் என்று எல்லோரும் கேட்பார்கள். "ஆறு அங்க இருக்கு. ஆத்துல படகு வெச்சிருக்கறவன் எல்லாம் இந்திராநகர்ல இருக்கான்," என்பார். அது உண்மை. படகு ஷராவதியிலோ கபினியிலோ நிற்கும், அதன் முதலாளி மாதம் ஒருமுறை போவார். பழுதானால் அது தன் கண் முன்னால் சரியாவதைப் பார்க்க ஆசைப்படுவார். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவார்.

கௌதமிக்கா என்னிடம் எதையும் நன்றாக இருக்கிறது என்றோ மோசம் என்றோ சொன்னதில்லை. ஒரு வேலையை முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டால் முதலில் கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு மேல் ஏற்றிக்கொள்வார். ஸ்க்ரூ டிரைவரின் மரக் கைப்பிடியால் பலகையை ஒரு சாணுக்கு ஒரு தட்டு எனத் தட்டிக்கொண்டே படகின் நீளம் முழுக்க நடப்பார். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். உளுத்த மரம் ஈரத் துணியைத் தட்டியதுபோல இருக்கும். அந்த நடை முடியும்வரை யாரும் பேசக் கூடாது. முடிந்ததும் ஒரே கேள்விதான்: "தொட்டுப் பார்த்தியா?"

பார்த்தேன் என்றால் போய்விடுவார். இல்லை என்றாலும் போய்விடுவார். ஆனால் இல்லை என்று சொன்ன அன்றைக்கு மதியம் என்னைத் தன்னோடு சாப்பிடக் கூப்பிடமாட்டார்.

வாடிக்கையாளர்களிடம் கன்னடத்தில் பேசும்போது மட்டும் அவர் குரலே வேறு. பரம மரியாதை. "நோடோணா சார்" என்று அவர் சொன்னால் பார்க்கலாம் என்று பொருள் இல்லை, முடியாது என்று பொருள். அதை நாங்கள் இருவரும் அறிவோம், நானும் தச்சர் ஷபீர் பாயும். வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. சந்தோஷமாகப் போனை வைப்பார்கள்.

இந்த வேலையை எனக்கு முதலில் புரியவைத்த படகு ஒரு காபித் தோட்டக்காரருடையது. மனிதர் அதைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டார். மழைக்காலம் வந்தால் படகை இறுக்கமாகத் தார்ப்பாய் போட்டுச் சுற்றி, மூச்சு விட ஓர் இடம் விடாமல் கட்டிவைப்பார். எங்களிடம் வந்தபோது மேல்தளத்தில் என் கட்டைவிரல் கணு வரைக்கும் இறங்கியது. படகைக் கெடுப்பது கீழே ஓடும் ஆறு இல்லை, மேலிருந்து வரும் மழைத் தண்ணீரும் உள்ளே அடைபட்ட காற்றும்தான். "இத்தனை பத்திரமா வெச்சேனே," என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஷபீர் பாய் எனக்கு மட்டும் கேட்கும்படி, "ரொம்ப மூடினா பிரியாணிகூடக் குழைஞ்சு பூடும்," என்றார்.

அந்தப் படகைப் பிரித்து விறகாக்கினோம். அதற்குப் பிறகு வந்தது நளினி.

நளினியின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். மல்லேஸ்வரத்தில் கிளினிக். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் இல்லை, எங்களுக்கு டாக்டர்தான். படகுக்கு மனைவியின் பெயர். முப்பதடிக்குச் சற்று மேல், ஐனி மரப் பலகை, உள்ளே இரண்டு கேபின், சின்னச் சமையலறை. ஹொன்னாவரம் பக்கம் ஷராவதிக் கரையில் கட்டி நிறுத்தியிருந்தார். ஒரு மழைக்காலத்தில் கட்டிய இடத்திலேயே மூழ்கி, கூரை மட்டும் வெளியே தெரிய நின்றதாம். அதைத் தூக்கி, வருடக்கணக்காக ஒரு தென்னந்தோப்பில் காயப்போட்டு, கடைசியில் எங்களிடம் அனுப்பினார். அதில் ஏற அவருக்கே பயம் வந்துவிட்டது. சொல்லமாட்டார். ஏணிக்குப் பக்கத்தில் நின்றே பேசுவார்.

ஓராண்டுக்கு மேல் வேலை. உளுத்த விலாக்கட்டைகளை மாற்றினோம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருந்த பழைய அடைப்பை எல்லாம் நான் கொக்கியால் கீறி எடுத்தேன். என் மணிக்கட்டு போனது அங்கேதான். பிறகு ஒவ்வோர் இடுக்கிலும் பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கிய உளியால் அடித்து இறக்கி, மேலே ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த புட்டிப் பசை. அந்தப் புட்டி முழுக்கக் காயாது. காயவும் கூடாது. அது மெத்தென்றிருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஹரிஷ், உன் கேள்வி இங்கேதான் வருகிறது. மரம் காய்ந்தால் அகலத்தில் சுருங்கும். இடுக்குகள் விரியும். அந்த நிலையில் படகைத் தண்ணீரில் விட்டால் சல்லடை மாதிரி உள்ளே வாங்கும். ஆனால் நனைய நனையப் பலகைகள் ஊதி, ஒன்றையொன்று நெருக்கி, நடுவே இருக்கிற பஞ்சை இறுக்கிக்கொள்ளும். பஞ்சு பாதி அடைக்கும், மீதியை மரமே அடைத்துக்கொள்ளும். அவசரப்பட்டுக் காய்ந்த இடுக்கில் கல் மாதிரி இறுகுகிற பசையை ஊற்றினால் ஊதுகிற மரத்துக்கு இடம் இருக்காது. அது விலாவை முறிக்கும், ஆணியைப் பிடுங்கும்.

டாக்டருக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் மனம் கேட்கவில்லை. விரிந்த இடுக்குகளைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "நான் பல் டாக்டர், கௌதமி. ஓட்டையைப் பார்த்தா எனக்கு அடைக்கணும்னுதான் தோணும். அதுவும் கெட்டியா."

"பல்லு வீங்காது டாக்டர்," என்றார் கௌதமிக்கா. "மரம் வீங்கும்."

டாக்டரின் மகனுக்கு வேறு யோசனை. யாரோ ஃபைபர்கிளாஸ்காரரைப் பிடித்திருந்தான். படகு முழுக்க வெளியே பிளாஸ்டிக் சட்டை போட்டுவிட்டால் ஒழுகாதாம். சில வருடம் ஒழுகாதுதான். அதற்குள் உள்ளே மரம் சத்தமில்லாமல் உளுத்துவிடும். டாக்டர் அந்தப் பக்கமும் சாயாமல் இந்தப் பக்கமும் சாயாமல் கடைசியில் ஒரு கெடு வைத்தார். கோடைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். உள்ளே தண்ணீர் நிற்கிறது, வெளியே ஒழுகவில்லை என்று கண்ணால் பார்த்தால் நளினி மரப் படகாகவே ஆற்றுக்குப் போகும். ஒழுகினால் நேராக ஃபைபர்கிளாஸ்காரரிடம்.

அப்போது கொட்டகையில் வேறு வேலை இல்லை. மரப் படகு வைத்திருந்த இன்னும் இரண்டு பேர் நளினி என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அது போனால் கௌதமிக்காவின் கொட்டகையும் போயிற்று. ஷபீர் பாய் மாடுலர் கிச்சன் செய்யப் போக வேண்டியதுதான். நான் மறுபடி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு.

அந்தக் கோடையில்தான் பெங்களூரில் போர்வெல்கள் ஒவ்வொன்றாக வற்றின. உங்களில் நிறையப் பேருக்கு நினைவிருக்கும். ஆபீஸ் பாத்ரூமில் நோட்டீஸ் ஒட்டினார்கள், அபார்ட்மென்ட்காரர்கள் டேங்கருக்காகச் சண்டை போட்டார்கள். எங்களுக்கு வேறு கவலை. தகரக் கூரைக்குக் கீழே நளினி நாளுக்கு நாள் காய்ந்தது. காலையில் உள்ளே நின்று பார்த்தால் பலகைகளுக்கு நடுவே வெளிச்சக் கோடுகள் தெரிந்தன. மரத்தை இதற்கு மேல் காயவிட்டால் பலகையே வெடிக்கும். படகு முழுக்க ஈரச் சாக்குப் போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம். பக்கத்து அபார்ட்மென்டில் சுத்திகரித்த கழிவுநீரை வெளியே விற்றார்கள். அதைத்தான் ஒரு டேங்கர்காரர் கொண்டுவந்து எங்கள் டிரம்களில் நிரப்புவார். லேசாக நாற்றம் வரும். குடிக்க முடியாது. மரத்துக்கு அது போதும்.

பிஜிக்கும் எங்களுக்கும் ஒரே கேட். ஒரு காலை ஷபீர் பாய் குழாயைப் பிடித்துக்கொண்டு சாக்குகளை நனைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கேட்டருகே வந்து நின்றாள். ஐடி கார்டு கழுத்தில், கையில் காலி வாளி. தருமபுரிப் பக்கத்துப் பெண், செல்வி. சர்க்யூட் போர்டு செய்யும் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தாள்.

"யாருக்குண்ணா அபிஷேகம் நடக்குது?"

"போட்டுக்கும்மா," என்றார் ஷபீர் பாய்.

"எங்களுக்கு பாத்ரூம் போயிட்டு ஊத்த ஒரு மக்கு தண்ணி இல்ல. கட்டைக்கு ரெண்டு வேளைக் குளியலா?"

நான் நடுவே போனேன். "இது நல்ல தண்ணி இல்லைங்க. அபார்ட்மென்ட் டிரெய்னேஜ் தண்ணி, சுத்தம் பண்ணினது."

"பாத்ரூமுக்கு ஊத்த எங்களுக்கு என்ன பன்னீரா வேணும்?"

அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். சாக்குகளிலிருந்து வழிந்த தண்ணீர் சிமென்ட் தரையில் ஓடி, சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. "இப்படி வீணாப் போறதையாவது குடுக்கலாம்ல," என்றாள். "மனசு இருந்தா."

கௌதமிக்கா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்து, வழிந்த தண்ணீரை விரலால் தொட்டு முகர்ந்தார். படகை ஒருமுறை பார்த்தார். "பவி, உள்ள ஊத்தினா என்ன ஆகும்?"

யோசித்தேன். படகு ஆற்றில் நிற்கும்போது வெளியே இருக்கும் தண்ணீர் அதைத் தாங்கும். தரையில் வைத்து உள்ளே ஊற்றினால் அத்தனை பாரமும் அடிப்பலகை மேல். ஒரு கன மீட்டர் என்றால் ஒரு டன். "முழுசா ஊத்தினா பிளந்துரும்க்கா. கெண்டைக்கால் அளவுக்குன்னா தாங்கும். கீழ முட்டு அதிகம் குடுக்கணும்."

"அப்ப வெளிய ஊத்தறதை நிறுத்திடு. உள்ள ஊத்து." செல்வி பக்கம் திரும்பினார். "பலகை சந்துல ஒழுகும். ஒழுகறது எல்லாம் உங்களுக்கு. ஆனா நீங்கதான் வாளி வெச்சுப் பிடிச்சுக்கணும். என் ஆளுங்க பிடிச்சுத் தரமாட்டாங்க."

"அந்த மரத்துல நாத்தம் அடிக்குமா?"

"அடிக்கும்."

"பரவாயில்ல," என்றாள் செல்வி.

அடிக்கட்டைக்கு இருபக்கமும் ஷபீர் பாய் புதிதாக முட்டுக்கட்டைகள் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் மேலே பழைய டயர்த் துண்டு, பலகையில் தழும்பு விழாமல் இருக்க. மேல்வரிசைப் பலகைகளுக்குத் தண்ணீர் எட்டாது. அதனால் உள்பக்கம் சாக்குகளைத் தொங்கவிட்டு, அவற்றின் நுனி தண்ணீரில் முங்கியிருக்கும்படி செய்தோம். சாக்கு உறிஞ்சி மேலே கொடுக்கும். பிறகு குழாயைத் திறந்தோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் படகு மொத்தமும் ஒழுகத் தொடங்கியது. சொட்டு இல்லை, மழை. மரத்தின் கறை இறங்கிக் கட்டன் டீ நிறத்தில் வந்தது. பிஜியிலிருந்து பெண்கள் வாளி, டப்பா, பெயின்ட் டின், ஒருத்தி பிரஷர் குக்கர்கூட எடுத்துக்கொண்டு வந்தார்கள். அடியில் உட்கார இடமில்லாமல் சண்டை. டாக்டர் அன்றைக்கு வந்திருந்தால் நளினியை அப்படியே ஃபைபர்கிளாஸ்காரரிடம் அனுப்பியிருப்பார்.

அந்த நாள்களில் அந்தப் பெண்களுக்குப் படகின் அடிப்பகுதி என்னைவிட நன்றாகப் பழகிவிட்டது. எந்த இடுக்கு வேகமாக விடும், எது காலையில் மட்டும் விடும் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முன்பக்கம் இருந்த ஒன்று 'ஷவர்'. பின்னால் விட்டுவிட்டுச் சொட்டுவது 'சளிமூக்கு'. நடுவில் இருந்த நல்ல இடம் செல்வியுடையது. வேறு யாராவது அங்கே வாளி வைத்தால் நகர்த்திவிடுவாள். "என் எடத்துல எதுக்குடி வெக்கிற? உனக்குத்தான் சளிமூக்கு குடுத்திருக்கே."

நான் தினமும் காலையில் ஒழுகும் இடங்களைச் சாக்பீஸால் குறித்தேன். முதலில் அடி முழுக்க வெள்ளைக் கோடுகள். பிறகு கோடுகளை அழிக்க ஆரம்பித்தேன். ஷவர் நூலாக மாறியது. நூல் சொட்டாக மாறியது. சளிமூக்கு நின்றே விட்டது. எனக்குச் சந்தோஷம், வெளியே காட்ட முடியாத சந்தோஷம். ஏனென்றால் அதே வேகத்தில் வாளிகளின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"என்னக்கா, ஒரு வாளி நிறைய மத்தியானம் ஆயிடுது," என்றாள் ஒருத்தி.

"அது அப்படித்தாங்க. மரம் ஊதுது."

"ஊதறதைக் கொஞ்சம் நிறுத்தி வெக்கச் சொல்லுங்களேன்."

டாக்டர் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் டேங்கர் வரவில்லை. அபார்ட்மென்டில் சுத்திகரிப்பு மோட்டார் எரிந்துவிட்டதாம். பிஜிக்கு வரவேண்டிய நல்ல தண்ணீர் டேங்கரும் வரவில்லை. ஞாயிறு காலை நான் கேட்டைத் திறக்கும் முன்பே செல்வியும் இன்னும் நாலைந்து பேரும் அடியில் உட்கார்ந்திருந்தார்கள். வாளிகளை அவரவர் இடத்தில் வைத்திருந்தார்கள். எல்லாம் காலி.

"அக்கா, இன்னைக்குத் தண்ணி வரலையே," என்றாள் செல்வி.

மண்டியிட்டேன். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒவ்வோர் இடுக்காகக் கையால் தடவிக்கொண்டே போனேன். ஈரம் இல்லை. செல்வியின் இடத்தில்கூடக் காய்ந்திருந்தது. ஏணியில் ஏறி உள்ளே பார்த்தேன். கெண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர் அப்படியே, அசையாமல், கூரைத் தகரம் தெரிய நின்றது. போனை எடுத்து வீடியோ எடுத்தேன்.

"உள்ள இருக்கா?" என்று கீழிருந்து கேட்டாள்.

"இருக்கு."

"அதைக் குடுங்கக்கா. நேத்துலேருந்து பாத்ரூம்ல ஒரு சொட்டு இல்ல. ரூம்ல ஆறு பேர். ரேவதிக்கு வயித்தால போயிட்டிருக்கு. அந்த ரூம்ல நிக்க முடியல."

"மத்தியானம் தரேன் செல்வி. ஓனர் வராரு. அவர் ஒரு தடவை பார்த்துட்டா போதும். அப்புறம் எல்லாமே எடுத்துக்கோங்க."

"மத்தியானம் வரைக்கும் ரேவதி என்ன பண்ணுவா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த வளாகத்தில் இருந்த ஒரே தண்ணீர் அந்தப் படகுக்குள் இருந்தது. அதைக் காட்டத்தான் ஓராண்டு உழைத்திருந்தோம்.

கௌதமிக்கா ஸ்கூட்டியில் இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். காலி வாளிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பொட்டலத்தை ஷபீர் பாயிடம் கொடுத்துவிட்டு, டூல் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படகின் பின்பக்கம் போய்க் குனிந்தார். அடியில் ஒரு டிரெய்ன் பிளக் உண்டு. படகைக் கரையேற்றும்போது உள்ளே இருக்கும் தண்ணீரை வடிப்பதற்கு.

"அக்கா, டாக்டர் பார்க்கணும்னு சொன்னாரே. தண்ணி இல்லாம எதைக் காட்டறது?"

கண்ணாடி நெற்றிக்கு மேலே ஏறியது. "தொட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன். முழுசா."

"அப்புறம் என்ன?" என்றார். ஸ்பேனரைத் திருகினார்.

தண்ணீர் கயிறு மாதிரி விழுந்தது. முதல் வாளி நிறைந்ததும் செல்வி அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், ரேவதிக்கு. மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். ஷபீர் பாய் இட்லியைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், சாப்பிடவில்லை. "ஹோகலி பிடி," என்றார் யாரிடமோ. போகட்டும் விடு என்று தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

டாக்டர் வெள்ளைச் சட்டையில் வந்தார். ஏணிக்குப் பக்கத்தில் நின்றார். அன்றைக்கு ஏதோ தைரியம் வந்து ஏறினார். உள்ளே கொஞ்சம் சேறும் ஈரச் சாக்கும்.

"நீரு எல்லி?" என்றார், தண்ணீர் எங்கே என்று.

"குடுத்துட்டேன் டாக்டர்," என்றார் கௌதமிக்கா. "பக்கத்துல பிஜிக்கு. அவங்களுக்கு இல்ல."

டாக்டர் மெதுவாக இறங்கினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஆற்றில் மூழ்கிய படகைப் பார்த்தபோது எப்படி இருந்திருப்பாரோ அப்படி இருந்தார். "ஒழுகிப் போச்சுன்னு சொல்லலாம் கௌதமி. என்கிட்ட ஏன் மறைக்கறே?"

நான் போனை நீட்டினேன், வீடியோவை ஓடவிட்டேன். அவர் பாதி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "போட்டோல எல்லாப் பல்லும் நல்லாத்தானம்மா இருக்கும்." பிறகு பையிலிருந்து தன் போனை எடுத்தார். மகனைக் கூப்பிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கௌதமிக்கா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை வாதாடவில்லை. எனக்கு அவர்மேல் அப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த நேரத்தில்தான் செல்வி அடியில் மிச்சம் இருப்பதை வழிக்க ஒரு மக்கோடு திரும்பி வந்தாள். வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் நின்றாள். "சார், நீங்கதான் இந்த போட்டு ஓனரா?"

"ஹௌதம்மா. ஆமா."

"ஒரு வார்த்தை இவங்ககிட்டச் சொல்லுங்க சார். வந்த புதுசுல நல்லா ஒழுகிச்சு. நாங்க இருபது பேரு அதை நம்பித்தான் இருந்தோம். இவங்க என்ன பண்ணாங்கன்னு தெரியல, நாளுக்கு நாள் கம்மி ஆயிடுச்சு. இன்னைக்குக் காலையில வாளியை வெச்சிட்டு உட்கார்ந்தே இருக்கோம், ஒரு சொட்டு வரல. உள்ள தண்ணி இருக்கு, வெளிய வரமாட்டேங்குது. கேட்டா அதுதான் சார் இவங்களுக்குச் சந்தோஷமாம். இந்தக்கா வீடியோ வேற எடுக்குது."

டாக்டர் போனைக் கீழே இறக்கினார். "எங்க ஒழுகிச்சு முதல்ல?"

"எங்க இல்ல?" செல்வி குனிந்து படகின் கீழே போனாள். டாக்டரும் வெள்ளைச் சட்டையோடு குனிந்து அவள் பின்னால் போனார். "இது ஷவர். இங்க ஒரு வாளி அரை மணியில ரொம்பும். இது சளிமூக்கு, இது என்னைக்குமே உருப்படல. இது என் எடம். நேத்துகூட ஒரு மக்கு குடுத்துச்சு. இன்னைக்கு இதுவும் மூடிக்கிச்சு."

அவர் செல்வியின் இடத்தில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. வாய்க்குள் விரலை விட்டுப் பல் ஆடுகிறதா என்று பார்ப்பதுபோல இடுக்கின் ஓரமாக விரலை ஓட்டினார். அடுத்தது. அதற்கடுத்தது. எல்லா இடத்தையும் அவள் பெயர் சொல்லிக் காட்டக் காட்ட அவர் தொட்டுப் பார்த்தார்.

வெளியே வந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "கௌதமி, லாரிக்குச் சொல்லிடு. மரமாவே போகட்டும்."

"நோடோணா டாக்டர்," என்று சொல்லிவிட்டுக் கௌதமிக்கா உடனே, "இல்ல, சொல்லிடறேன்," என்றார். அவர் தடுமாறி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

லாரி வந்தது. நளினிக்கு ஈரச் சாக்குப் போர்த்திக் கட்டினோம். ஷராவதியில் இறக்கியபோது கொஞ்சம் வாங்கியது, பிறகு நின்றது. டாக்டர் அதில் போகிறார் என்று கேள்வி. ஆனால் காத்திருந்த மற்ற இரண்டு பேரும் ஃபைபர் படகு வாங்கிவிட்டார்கள், துடைத்தால் போதுமாம். கொட்டகை இடத்தை இடத்துக்காரர் கொரியர் கம்பெனிக்கு விட்டுவிட்டார். கௌதமிக்கா இப்போது ஹோட்டல்களுக்கு மர வேலை செய்கிறார். ஷபீர் பாயும் அவரோடுதான். நான் மறுபடி சாஃப்ட்வேரில் பக் (bug) தேடுகிறேன். ஜெயித்தோமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

லாரி கேட்டைத் தாண்டியபோது பிஜிப் பெண்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். படகு கிளம்பினால் எல்லோரும் கையசைப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். யாரும் அசைக்கவில்லை. கொட்டகையில் சிமென்ட் தரையில் வாளிகள் வைத்த வட்டத் தடங்கள் வரிசையாக இருந்தன, நடுவே செல்வியின் வாளி மட்டும் கிடந்தது.

"போயிடுச்சா?" என்றாள் செல்வி, ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்தவள். தன் இடத்தில் கிடந்த வாளியை எடுத்துக் கேட்டருகே கொண்டுபோய்க் கவிழ்த்துப் போட்டாள். அதன் மேல் உட்கார்ந்து, டேங்கர் வருகிற திசையைப் பார்க்க ஆரம்பித்தாள்.